இளங்கோவுக்கு: எந்தக் கையெழுத்து முதலில்?

அன்புள்ள இளங்கோ,

தண்ணீரில் ஃப்ளோரைடு அளக்கும் மீட்டர் செய்கிற நம் கம்பெனி, புதுக் கம்பெனிகளுக்கு இடமும் லேபும் தந்து வளர்க்கும் காலேஜ் இன்குபேட்டரிலேயே இருக்கப்போகிறது. நீ உன் புது வேலையோடு ஃபெல்லோஷிப்புக்குப் போகிறாய். இரண்டும் முடிவாகிவிட்டன, இனி மாற்றுவதற்கில்லை. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே குரல் உயர்ந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். பொதுவில் எழுதக் காரணம், பெங்களூரில் நம்மைத் தெரிந்த தமிழ்ப் பசங்களில் பலர் இதே கேள்வியோடு நிற்கிறார்கள்: காலேஜ் இன்குபேட்டரா, வெளிநாட்டு ஃபெல்லோஷிப்பா? நம் சண்டையில் அவர்களுக்கு உதவுகிற பகுதியும் இருக்கிறது. நம் இரண்டு வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பதும் தெரியும். அதனால் ஷேர் கணக்கு, உன் அம்மாவைப் பற்றி நீ அன்றைக்குச் சொன்னது, இரண்டும் இங்கே வராது.

முதலில் மன்னிப்பு. அந்த ஃபெல்லோஷிப்பைக் கம்பெனி பெயரில் எடுக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். உன் உழைப்புக்கு வந்த அழைப்பு அது. அதற்கு நான் குறுக்கே நின்றது உனக்கு வலித்திருக்கும், மன்னித்துக்கொள். ஆனால் நின்ற காரணத்துக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்தக் காரணத்தை நீ கடைசிவரை முழுசாகக் கேட்கவே இல்லை.

ஃபெல்லோஷிப் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, ஆளுக்குக் கொடுக்கும் பணம். தீல் ஃபெல்லோஷிப் அந்த வகை: 22 வயதுக்கு மேற்படாதவர்களுக்கு, படிப்பை நிறுத்திவிட்டு இரண்டு வருஷம் வேலை செய்யக் கொடுப்பது, பங்கு கேட்பதில்லை. இன்னொன்று, கம்பெனிக்குள் வரும் பணம். புதுக் கம்பெனிகளில் பணம் போடும் அமெரிக்க நிறுவனமான ஒய் காம்பினேட்டரின் வழக்கமான ஏற்பாட்டைப் பார்: மொத்தம் 5 லட்சம் டாலர். அதில் 1,25,000 டாலருக்கு 7 சதவீதம். மிச்சம் 3,75,000 டாலர், அடுத்து வரும் முதலீட்டாளரின் விலையைப் பொறுத்துப் பின்னால் பங்காக மாறும். பெயரில் ஃபெல்லோஷிப் என்று இருந்தாலும் உனக்கு வந்தது இந்த இரண்டாவது வகை. அதன் நிபந்தனைகளில் முதல் வரியே, அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில் ஒரு தாய்க் கம்பெனி, அதன் கீழே நம் பெங்களூர் கம்பெனி நூறு சதவீதத் துணை நிறுவனமாக.

அந்த ஒரு வரி இங்கே எத்தனை கதவுகளை மூடும் என்று அவர்கள் வக்கீலுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. 2021-ல் வந்த மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்டின் விதிப்படி, இன்குபேட்டரிடம் விண்ணப்பிக்கும்போது பங்கில் குறைந்தது 51 சதவீதம் இந்திய நிறுவனர்கள் கையில் இருக்க வேண்டும். கம்பெனி பதிவாகி இரண்டு வருஷம் தாண்டியிருக்கக் கூடாது. மாதிரிக் கருவி செய்ய 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குப் போக 50 லட்சம் வரை கடனாகவோ பங்காக மாறும் கடன்பத்திரமாகவோ. டெலாவேர் தாய்க் கம்பெனி வந்த அன்றே நம் பெயரில் இங்கே ஒரு பங்கும் மிஞ்சாது. அதோடு அந்தக் கதவு போயிற்று.

இந்த மானியங்களுக்குள்ளேயே ஒரு வரிசை இருக்கிறது. அதில் தவறித்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வேறு மத்திய, மாநில அரசுத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் வாங்கியிருந்தால் சீட் ஃபண்ட் கிடையாது. மாதிரிக் கருவி செய்ய மத்திய அரசு தரும் மானியமான நிதி பிரயாஸ் 10 லட்சம் வரைதான் தருகிறது, எனவே அதை முதலில் வாங்கலாம், எல்லைக்குள் நிற்கும். கர்நாடக அரசின் எலிவேட் திட்டம் 50 லட்சம் வரை தரும். பெரிய தொகை ஆயிற்றே என்று அதை முதலில் வாங்கினால் சீட் ஃபண்ட் அடைபடும். பிரயாஸ், பிறகு சீட் ஃபண்ட், பிறகு எலிவேட். டெலாவேர் வேண்டுமென்றால் அதெல்லாம் முடிந்த பிறகு. நான் கேட்டது வரிசை மட்டும்தான், இளங்கோ. ஃபெல்லோஷிப்பே வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நீ அங்கே, நான் இங்கே என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, இந்தியாவில் வசிக்கும் தனிநபர், தன் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் நேரடி முதலீடு செய்தால், அந்தக் கம்பெனிக்குக் கீழே துணை நிறுவனம் இருக்கக் கூடாது. நாம் செய்யப்போனது அச்சாக அதேதான். மேலே டெலாவேர், கீழே பெங்களூர், கட்டுப்பாடு உன்னிடமும், இங்கேயே உட்கார்ந்திருக்கும் என்னிடமும். ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்றாய். செய்தவர்கள் திரும்பியும் வந்திருக்கிறார்கள். ஃபோன்பே 2022-ல் சிங்கப்பூரிலிருந்து வந்தது. பங்கு வர்த்தக ஆப்பான குரோ டெலாவேரிலிருந்து திரும்பியபோது கட்டிய வரி 1,340 கோடி ரூபாய். அவர்களால் கட்ட முடிந்தது. நம்மிடம் இருப்பது ஒரு எலக்ட்ரோடும் ஒரு சர்க்யூட் போர்டும்.

அந்த எலக்ட்ரோடைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாலக்கோட்டிலிருந்து வந்த பாட்டில் ஞாபகம் இருக்கிறதா? படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு, நல்கொண்டா முறையில் ஃப்ளோரைடை நீக்கிய தண்ணீர். உன் அப்ளிகேஷன் வீடியோவுக்காகக் கேமராவை ஸ்டாண்டில் மாட்டியிருந்தாய். மீட்டர் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் காட்டியது. குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 சொல்லும் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. நல்ல தண்ணீர் என்று பச்சை விளக்கு எரிந்தது, எல்லோரும் சிரித்தோம். அந்தப் பக்கமாகப் போன இன்குபேட்டர் லேப் டெக்னீஷியன் அண்ணன் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘பஃபர்ல சிடிடிஏ போட்டிருக்கீங்களா?’

போடவில்லை. பஃபர் என்பது அளக்கும் முன் தண்ணீரோடு கலக்கும் கரைசல்; விலையைக் குறைக்க வெறும் அசிட்டேட் பஃபர்தான் கிட்டில் வைத்திருந்தோம். படிகாரம் போட்ட தண்ணீரில் கொஞ்சம் அலுமினியம் மிஞ்சும். அது ஃப்ளோரைடைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். எலக்ட்ரோடின் லாந்தனம் ஃப்ளோரைடு படிகத்துக்குக் கட்டில்லாத ஃப்ளோரைடு அயனி மட்டும்தான் தெரியும். ஆக மீட்டர் குறைத்துக் காட்டும், வயிற்றுக்குள் போவது குறையாது. அந்த அலுமினியத்தைப் பிடித்து இழுத்து ஃப்ளோரைடை விடுவிப்பதுதான் சிடிடிஏவின் வேலை.

கேமராவை அணைத்தது நீ. புதுசாகப் பஃபர் கலக்கியதும் நீதான்: 57 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலம், 58 கிராம் உப்பு, 4 கிராம் சிடிடிஏ, அரை லிட்டர் தண்ணீர், பிஹெச் 5.3-க்கும் 5.5-க்கும் நடுவே வரும்வரை சொட்டுச் சொட்டாகக் காஸ்டிக் சோடா, பிறகு ஒரு லிட்டராக நிரப்பு. மாதிரியும் பஃபரும் சரிக்குச் சரி, பிளாஸ்டிக் பீக்கரில். ஸ்டிரரின் மோட்டார் சூடு மாதிரிக்கு ஏறாமல் இருக்க பீக்கருக்கு அடியில் தெர்மோகோல் துண்டு வைத்தாய். மில்லிவோல்ட் எண் இறங்க ஆரம்பித்தது; அது இறங்கினால் ஃப்ளோரைடு அதிகம் என்று அர்த்தம். நீ மூச்சே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். பழைய எண்ணிலிருந்து ஏறக்குறைய 19 இறங்கி நின்றது. ஃப்ளோரைடு பத்து மடங்கானால் 59 இறங்கும் என்ற கணக்கில் அது இரண்டு மடங்குக்கு மேல், 1.7 மில்லிகிராம். நீ சொன்னது, ‘வீடியோ இன்னைக்கு வேணாம்’. அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை பாட்டிலை மறுபடியும் அளந்தாய் என்று உனக்கே தெரியும்.

உன்னோடு கம்பெனி ஆரம்பித்ததற்காக நான் மிகவும் சந்தோஷப்பட்ட நேரம் அது. அதே நீதான், மானியத்தைச் செலவழித்த கணக்குக்கான யுட்டிலைசேஷன் சர்டிபிகேட் கொடுக்க வேண்டிய வாரத்தில், பில் கோப்பை என் மேஜையில் வைத்துவிட்டு இண்டர்வியூவுக்குப் போனாய். இன்குபேட்டரை ‘கவர்மெண்ட் ஆபீஸ்’ என்று ஃபெல்லோஷிப்காரர்களிடம் கிண்டலாகப் பேசினாய். அந்த ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்விதான் நம் கருவி பொய் சொல்லாமல் காப்பாற்றியது. எந்த ஃபெல்லோஷிப்பின் வழிகாட்டிக் கூட்டத்தில் படிகாரத்தைப் பற்றிக் கேட்பார்கள்? சொல், கேட்கிறேன்.

சரி. இன்குபேட்டர் சொர்க்கம் என்று எழுதினால் அது பொய். நம்முடையது எது என்று இங்கே சொல்லப்போவதில்லை. உள்ளே போகிறவர்களுக்கு மட்டும் சிலது சொல்கிறேன். பணம் மொத்தமாக வராது, மைல்கல் முடித்தால் அடுத்த தவணை. அனுமதித் தேதிக்கு முந்தைய பில் செல்லாது, எனவே அவசரப்பட்டுப் பம்ப் வாங்கி வைக்காதீர்கள். செலவுக் கணக்கை ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் கேட்பார்கள், மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்தால்தான் அது ஒருநாள் வேலையாக முடியும். சீட் ஃபண்ட் பணத்தில் கட்டட வசதி எதுவும் செய்யக்கூடாது. பங்கு விஷயத்தில், உயர்கல்வி நிறுவனங்களுக்கான 2019 தேசியக் கொள்கை, நிறுவனம் 2 முதல் 9.5 சதவீதம் வரை எடுக்கலாம் என்கிறது. இடம் மட்டும் தருகிறவர் மேல்வரம்பைக் கேட்டால் பேரம் பேசுங்கள். லேப், காப்புரிமைச் செலவு, வழிகாட்டல், விதை நிதி என்று எது எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். நிறுவன வசதியைக் கணிசமாகப் பயன்படுத்தி உருவானது என்றால் காப்புரிமை நிறுவனத்துக்கும் உருவாக்கியவருக்கும் பொது. ‘கணிசம்’ என்பதற்கு அளவு எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்: எத்தனை மணி நேரம், எந்த மெஷின். இதை நம் ஒப்பந்தத்தில் சேர்க்க நீதான் விடாப்பிடியாக நின்றாய். அந்தப் பத்தி இன்னும் உன் வாசகத்திலேயே இருக்கிறது.

மென்பொருள் மட்டும் செய்கிறவர்களுக்கு என் வாதம் பாதிகூடப் பொருந்தாது. அவர்களுக்கு லேப் வேண்டாம், வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருந்தால் ஃபெல்லோஷிப்தான் சரி, தாமதிக்காமல் போகலாம். நீ தண்ணீர்த் தரவுகளை வைத்துத் தொடங்கப்போகும் புது வேலைக்கும் அது சரியான இடம். நன்றாக வருவாய். இதை மனசாரச் சொல்கிறேன். ஆனால் நம் மீட்டரை வாங்கப்போவது தருமபுரியிலும் கோலாரிலும் இருக்கும் பஞ்சாயத்துகள்.

போவதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன, கோபத்தில் இவற்றை விட்டுவிடாதே.

ஃபெல்லோஷிப்காரர்கள் தரும் கண்டுபிடிப்பு ஒப்படைப்பு ஒப்பந்தத்தின் கடைசியில், ஏற்கெனவே உள்ள கண்டுபிடிப்புகள் என்று ஓர் அட்டவணை காலியாக இருக்கும். காலியாக விட்டால், அங்கே சேர்வதற்கு முன் உன்னிடம் எதுவும் இல்லை என்று நீயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மீட்டர், பஃபர் பொட்டலம், கேலிபிரேஷன் கணக்கு மூன்றையும், இந்தியத் தற்காலிக விண்ணப்ப எண்ணோடு அதில் எழுது. அந்த விண்ணப்பம் போட்டு 12 மாசத்துக்குள் முழு விவரக்குறிப்பு போக வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

புது யோசனை எதுவும் இங்கே இருக்கும்போதே உருவானால், அமெரிக்காவில் முதலில் காப்புரிமை போடாதே. காப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, இந்தியாவில் வசிக்கிறவர் முதலில் இங்கே போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் படிவம் 25-ல் அனுமதி வாங்க வேண்டும். ஸ்டார்ட்அப்புக்கு ஆன்லைனில் போடும் கட்டணம் 1,600 ரூபாய்தான். அந்த 1,600-ஐ மிச்சப்படுத்தி விண்ணப்பத்தையே இழக்காதே.

ராஜினாமாக் கடிதத்தில் இப்போதே தேதி போடாதே. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இரண்டு இயக்குநராவது வேண்டும். நீ இறங்கினால் நான் ஒருவன்தான் மிச்சம். அடுத்த ஆள் யார் என்பது முடிவாகிக்கொண்டிருக்கிறது, பெயரை உனக்குத் தனியாகச் சொல்கிறேன். அவரைச் சேர்த்த பிறகு நீ தேதி போடு, அதிலிருந்து 30 நாளுக்குள் நான் இயக்குநர் மாற்றத்துக்கான டிஐஆர்-12 படிவத்தைத் தாக்கல் செய்துவிடுகிறேன். வங்கியில் கையெழுத்து மாற்றவும் நீ நேரில் வந்தாக வேண்டும். உன் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என் டிராயரில் கிடக்கிறது, அன்றைக்கே எடுத்துக்கொண்டு போ.

உன் நோட்டில் இருக்கும் பழைய கேலிபிரேஷன் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பு. சிடிடிஏ போடாமல் எடுத்த அளவுகள் எவை என்று அந்தந்த வரிக்குப் பக்கத்தில் குறித்துவிடு, முழு விவரக்குறிப்பில் ஒப்பிட்டுக் காட்ட அவை வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பார்ட்னர்