கடலில் நீங்கள் பார்த்த பறவைகளைச் சொல்லுங்கள்

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடலுக்குப் போகிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். நான் சுசீந்திரம் பக்கத்துக்காரன். இருபது வருடமாகப் பறவை பார்க்கிறேன். நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போகும்போது குளக்கரையில் பைனாகுலரோடு ஒருத்தன் நிற்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு 2022-இல், முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரும் ராம்சார் என்ற உலக அங்கீகாரம் கிடைத்தது. அங்கே கூழைக்கடா எத்தனை, பூநாரை எத்தனை என்று வருடா வருடம் எண்ணி எழுதி வைக்கிறோம். ஆனால் கடல் என்று வரும்போது, ஆறு கடலில் சேரும் மணக்குடி பொழியில் நின்று கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான் எங்கள் எல்லை. அதற்கு அப்பால் பறப்பதையெல்லாம் பார்ப்பவர்கள் நீங்கள்தான்.

நான் மறக்கவே முடியாத பறவைகள் இரண்டு. இரண்டுமே உங்கள் ஆட்கள் மூலம் கிடைத்தவை.

முதலாவது ஒரு ஆடி மாதத்தில் வந்தது. நான்கு நாள் விடாத மழை, காற்று. பொழி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் கடவக் கூடையின் மேல் துண்டைப் போட்டு மூடி எடுத்து வந்தான். "அண்ணா, இது கடல்காக்கை இல்ல. பாருங்க" என்றான். துண்டை விலக்கினேன். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, அலகிலிருந்து கண் வழியாக ஒரு கறுப்புக் கோடு. நெற்றியில் வெள்ளை. அந்த வெள்ளை கண்ணைத் தாண்டிப் புருவம் மாதிரிப் பின்னால் நீண்டிருந்தால் அது பிரைடில்டு டெர்ன் என்ற ஆலா (டெர்ன் என்றால் ஆலா). இதில் கண்ணோடு நின்றுவிட்டது. சூட்டி டெர்ன்! எங்கள் ஊர்க் கரையில் இப்படி ஒரு ஆலாவைக் கையில் வைத்துப் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை.

இந்த ஆலா வருடக்கணக்கில் தரை தொடாமல் பறக்கக்கூடியது. கடலையே நம்பி வாழ்ந்தாலும் கடல் மேல் உட்கார்ந்து ஓய்வெடுக்க அதனால் முடியாது, இறகு நனைந்து ஊறிவிடும். லட்சத்தீவில் கவரத்திக்குப் பக்கத்தில் பட்சிப்பிட்டி என்ற மணல்திட்டில் இவை கூட்டமாக முட்டையிடும். தூத்தூர்க்காரர்கள் சிலர் அந்தப் பக்கமாகத் தொழிலுக்குப் போயிருப்பீர்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்திருந்தால் உங்களிடம் கேட்க எனக்கு நூறு கேள்வி இருக்கிறது.

அன்று அந்தப் பறவையைப் படம் எடுத்து, பறவை பார்ப்பவர்களின் பதிவுப் பட்டியலில் ஏற்றினேன். பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். கண்டுபிடித்த பையனின் பெயரைக் கேட்கவே இல்லை. நண்பர்கள் பாராட்டினார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். அது தப்பு. இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது பறவையை நான் இன்னும் பார்த்ததில்லை. தூத்தூர்ப் பக்கம் ஒரு பெரியவர் சொன்னார். ஆழ்கடலில் தூண்டில் போட்டுக் காத்திருக்கும்போது, குருவியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பறவை வரும், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், இறக்கையை விரித்துக்கொண்டு தண்ணீர் மேல் காலால் ஓடும் என்றார். "நம்ம இராயப்பர் கடல்மேல நடந்தாருல்லா, அதுமாதிரி." எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவர் சொன்ன அடையாளம் வில்சன்ஸ் ஸ்டார்ம் பெட்ரலுக்கு அப்படியே பொருந்துகிறது. பெட்ரல் என்ற பெயரே இராயப்பரின், அதாவது பீட்டரின் பெயரிலிருந்து வந்ததாகத்தான் பொதுவாகச் சொல்வார்கள். இது அந்தப் பெரியவருக்குத் தெரியாது, அவராகச் சொன்ன உவமை அது. நாற்பது கிராம் அளவுதான் இருக்கும் அந்தப் பறவை. அண்டார்டிகா பக்கத்துப் பாறை இடுக்குகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர்காலம் தொடங்கியதும் நம் கடலுக்கு வருகிறது.

மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் கணக்கு வைத்துக் கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத்திட்டான பாரைக் கண்டுபிடிக்கிறவர்கள் நீங்கள். பறவை பாய்கிற விதத்தை வைத்து, கீழே சூரை ஓடுகிறதா சாளை மேய்கிறதா என்று சொல்வீர்கள். அந்தக் கண்ணுக்கு முன்னால் என் பைனாகுலர் எம்மாத்திரம்?

உங்களிடம் கேட்பது இதுதான். வித்தியாசமான பறவை கண்ணில் பட்டால் போனில் ஒரு படம், முடிந்தால் வீடியோ எடுங்கள். தெளிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வள்ளத்தில் இருக்கும் ஜிபிஎஸ் எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். காலில் உலோக வளையம் இருந்தால் அதில் உள்ள எண் ரொம்ப முக்கியம், அதை வைத்து அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

அப்புறம், மழைக்காலத்தில் கரையிலோ வள்ளத்திலோ பறவை ஓய்ந்து விழுந்தால் திரும்ப அலையில் வீசாதீர்கள். பாவம் பார்த்துத்தான் வீசுகிறீர்கள், தெரியும். ஆனால் நனைந்த பறவை மூழ்கிவிடும். வாயைத் திறந்து தண்ணீரோ மீனோ ஊட்டவும் வேண்டாம். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சொல்லப் போய் வம்பில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. அது வீண் பயம் இல்லை. காப்பாற்றிய பறவையோடு ஓர் அலுவலகத்துக்குப் போன அண்ணன் ஒருவரை, ஏன் பிடித்தாய் என்று மதியம் வரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். ஒரு நாள் தொழில் போயிற்று அவருக்கு. அதனால் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள். பறவை பார்க்கிறவர்களில் யாராவது ஒருவர் உங்களோடு வந்து பேசுவார். தேவைப்பட்டால் நானே வருகிறேன்.

நீங்கள் சொல்லும் ஒவ்வொரு பறவையும் உங்கள் பெயரில், உங்கள் ஊர் பெயரோடுதான் பதிவாகும். பெயர் வேண்டாம் என்றால் அதுவும் சரி.

ஜூன், ஜூலை மேற்குக் கரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மணக்குடிப் பாலத்தடியில் இருப்பேன், மழை பெய்தாலும். அந்தக் கடவத்துப் பையன் இப்போது வளர்ந்து கடலுக்குப் போகிறவனாக இருந்தால், தம்பி, உன் பெயரைச் சொல். பதிவைத் திருத்த வேண்டும். தூத்தூர்ப் பக்கத்து அண்ணன்மாரே, அந்தக் கறுப்புப் பறவை பக்கத்தில் ஓடி வந்தால் அதன் காலைக் கொஞ்சம் கவனியுங்கள். விரலுக்கு இடையில் இருக்கும் சவ்வு மஞ்சளாக இருக்கிறதா?

இப்படிக்கு,
சுசீந்திரம் குளக்கரையிலிருந்து ஒரு பறவை பார்ப்பவன்