நெருப்பை அழைக்கும் முன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம் என்றறிந்து மகிழ்ச்சி. தெற்கு நோக்கி நின்று, சாலமாண்டர் என்னும் நெருப்பு ஆவிகளைச் சடங்கு செய்து அழைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அங்கி, கோல், தூபம் என்று இரண்டு பக்கம் இருக்கிறது. வந்ததைத் திருப்பி அனுப்புவது பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் உடனே பேனாவை எடுத்தேன்.

முதலில் வரிசை. மண்ணுக்கு நோம், நீருக்கு உண்டீன், காற்றுக்கு சில்ஃப், நெருப்புக்கு சாலமாண்டர் என்று நான்கு வகை ஆவிகளைச் சுவிஸ் மருத்துவர் பாராசெல்சஸ் (1493–1541) வகுத்தார். 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மந்திரச் சடங்குச் சங்கம் அந்த நான்கையும் படிநிலைகளாக அடுக்கியது: மண், காற்று, நீர், கடைசியில்தான் நெருப்பு. நீ மேல்படியில் கால் வைக்கிறாய்.

நம் மொழியில் பூதம் என்ற ஒரே சொல் மூலப்பொருளையும் குறிக்கும், மிரட்டும் உருவத்தையும் குறிக்கும். இந்த விஷயத்துக்கு அது மிகப் பொருத்தம். வெளியே எந்தப் பூதத்தை அழைக்கிறோமோ, அது முதலில் நமக்குள் இருக்கும் அதே பூதத்தைத்தான் கிளறும். மந்திரக் கலை பற்றி எழுதிய பிரெஞ்சுக்காரர் எலிஃபாஸ் லேவியும் இதைத்தான் வற்புறுத்தினார்: அலைபாயும் மனத்துக்கு சில்ஃப் அடங்காது, உறுதியில்லாதவனுக்கு உண்டீன் அடங்காது, ஆவேசக்காரனிடம் சாலமாண்டர் சீறும், பேராசைக்காரனை நோம் ஆட்டிவைக்கும். ஆகவே இதே துறையில் நூல்கள் எழுதிய ஃபிரான்ஸ் பார்டன் சொன்ன ஆன்மக் கண்ணாடியை எழுதிவிடு. உன் குறைகளை ஒன்றுவிடாமல் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் நான்கு பூதங்களில் எதனோடு சேரும் என்று பிரி. கோபம், அவசரம், பொறாமை எல்லாம் நெருப்பு வரிசையில் நீண்டால், நீ இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். அந்தப் பட்டியலைவிட நேர்மையான ஆசான் கிடைக்கமாட்டார்.

இனி ஐங்கோண நட்சத்திரம். நான்கு திசையிலும் காற்றில் ஐங்கோணம் வரைந்து வேண்டாததை அகற்றும் "விலக்கும் சிறு சடங்கை"க் காலையும் இரவும் குறைந்தது மூன்று மாதமாவது செய். அதற்குமுன் எதையும் அழைக்காதே. கிழக்கு நோக்கி நின்று, இடப்பக்கக் கீழ்முனையில் தொடங்கி உச்சி, வலக்கீழ், இடமேல், வலமேல், மறுபடி தொடங்கிய முனை. நடுவில் குத்தி யோத் ஹே வாவ் ஹே என்ற எபிரேய இறைப்பெயரை அதிர உச்சரி. நீட்டிய கையால் கோட்டை இழுத்தபடியே திரும்பி மற்றத் திசைகளிலும் அதே நட்சத்திரம், பெயர் மட்டும் வேறு: தெற்கில் அதோனாய், மேற்கில் எஹெயே, வடக்கில் அக்லா. பலர் சறுக்குவது இங்கேதான்: வடக்கை முடித்ததும் கையைத் தாழ்த்திவிடுவார்கள். கோட்டைக் கிழக்கில் தொடங்கிய இடத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் வட்டம் மூடும்.

இன்னொரு நுட்பம்: எந்தப் பூதம், அழைப்பா விலக்கா என்பதை நட்சத்திரத்தின் முதல் கோடுதான் காட்டும். மேலே சொன்னது மண்ணை விலக்கும் கோடு. நெருப்பை அழைக்கும் கோடு உச்சியிலிருந்து வலக்கீழ் முனைக்கு இறங்கும். விலக்கும் கோடு அந்த முனையிலிருந்து உச்சிக்கு ஏறும். நெருப்பை அழைத்துவிட்டு மண்ணின் கோட்டால் மட்டும் மூடினால் வேலை பாதியில் நிற்கும். முதலில் நெருப்பின் விலக்கு, பிறகு சிறு சடங்கு. காற்றிலும் நீரிலும் இன்னும் கவனம் தேவை: காற்றை அழைக்கும் முதல் கோடும் நீரை விலக்கும் முதல் கோடும் ஒன்றே. அங்கே உச்சரிக்கும் பெயரும் நடுவில் வரையும் சின்னமும்தான் வேறுபடுத்தும். பூதங்களின் சின்னங்களை வரைந்த, தியானத்துக்கான தத்துவ அட்டைகளோடும் குழப்பிக்கொள்ளாதே. அட்டையில் வாயு நீல வட்டம், பிருதிவி மஞ்சள் சதுரம். சடங்குக் கருவிகளிலோ காற்றின் குத்துவாள் மஞ்சள், நீரின் கிண்ணம் நீலம். ஒரே அமர்வில் இரண்டு முறையையும் கலக்காதே.

தூபத்துக்கு வருகிறேன். எனக்கு மிகப் பயமாக இருப்பது இதுதான். கதவு சன்னல் எல்லாம் சாத்திய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவளுதல் வரும். இதையெல்லாம் "வந்துவிட்டது" என்று எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பவன் உயிருக்கே ஆபத்து. தலை சுற்றினால் சடங்கை அப்படியே விட்டு வெளியே போ. சன்னலைத் திறந்தே வை. ஆவி எதுவும் அதனால் கோபித்துக்கொள்ளாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று அறையில் இருக்கட்டும். கரித்துண்டை இடுக்கியால் பிடித்து, மூன்று நான்கு சென்டிமீட்டர் மணல் பரப்பிய கனமான கலத்தில் வை. சாம்பிராணி பட்டாணி அளவு போதும். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணை. மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே கங்கு இருக்கும். அங்கி பருத்தியாக இருக்கட்டும், கையை முழங்கைவரை சுருட்டிக் கட்டு. செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். பழைய தூபக் குறிப்புகளில் குரோசாணி ஓமம், ஊமத்தை என்றெல்லாம் வரும். தொடாதே. அது தரிசனம் அல்ல, நஞ்சேறிய பிதற்றல்.

தூக்கம் கெட்ட நாளில், காய்ச்சலில், குடித்திருக்கும்போது, துக்கத்தின் நடுவில் வேண்டாம். இல்லாத குரல் கேட்பது, மிதமிஞ்சிய எழுச்சி என்று மனநலச் சிக்கல் முன்பு வந்திருந்தால் இந்த வழியே வேண்டாம். மருந்து சாப்பிடுபவர் சடங்குக்காக அதை நிறுத்தவே கூடாது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் விரதமிருக்கக் கூடாது.

அமர்வு இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், வாரத்துக்கு ஒன்று போதும். எது தோன்றினாலும் வாக்குக் கொடுக்காதே, பேரம் பேசாதே. இரத்தம் கேட்டாலோ, உத்தரவு போட்டாலோ, புகழ்ந்து தள்ளினாலோ அங்கேயே மூடு. ஒன்றும் தோன்றாவிட்டாலும் விடைகொடுத்தே ஆக வேண்டும்: வந்ததற்கு நன்றி, சமாதானமாக உன் இடம் செல், இடையில் எவருக்கும் தீங்கு செய்யாதே. நிதானமாக, உரக்கச் சொல்.

பிறகு வயிறாரச் சாப்பிடு, வெறுங்காலோடு கொஞ்சம் நட. தேதி, நேரம், பிறை, மனநிலை, கண்டது எல்லாவற்றையும் தூங்குமுன் எழுது. அடுத்த மூன்று நாள் உன்னைக் கவனி. எரிச்சலும் தூக்கமின்மையும் வந்தால் நெருப்பு மிஞ்சியிருக்கிறது. அதை அணைக்க நீரை அழைக்கலாம் என்று நினைக்காதே, சிக்கல் இரட்டிப்பாகும். சிறு சடங்கையும் சாப்பாட்டையும் தூக்கத்தையும் தவிர எல்லாவற்றையும் நிறுத்து. ஒரு வாரத்தில் தணியாவிட்டால் மருத்துவரைப் பார்.

கோலைத் துணியில் சுற்றி வை. மண்ணிலிருந்து தொடங்கு. கண்ணாடிப் பட்டியலை எழுதியதும் நெருப்பு வரிசையில் எத்தனை வந்தன என்று மட்டும் எனக்கு எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்