பேரரசின் கப்பல் தளத்தில் 8 மணி நேரம்

விண்மீன் பேரரசுத் தொடர்கதையைச் சேர்ந்து எழுதும் புதுவை நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கதையை முதல் பகுதியிலிருந்தே விரும்பிப் படிக்கிறேன். கோள்களின் பெயர்கள், வரிமுறை, படை அடுக்கு எல்லாவற்றையும் அக்கறையாக யோசித்திருக்கிறீர்கள். கப்பல் கட்டும் தளம்தான் உறுத்துகிறது. அங்கே நாளுக்கு 16 மணி நேரம் வேலை. விடுப்பு கிடையாது. தளர்ந்தவனைத் தள்ளிவிட்டு அடுத்த ஆளை நிறுத்துகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு கப்பலும் குறித்த நாளில் பழுதில்லாமல் வெளியே வந்துவிடுகிறது. கொடுமையைக் கண்டிக்கத்தான் எழுதுகிறீர்கள், புரிகிறது. ஆனால் கொடுமை செய்தால் வேலை நடக்கும் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறீர்களே!

அப்படி நடக்காது. என் அப்பா பஞ்சாலையில் இருந்தவர். ஷிப்டின் கடைசி நேரத்தில் அறுந்த இழை கண்ணுக்கே தெரியாது, விரல் மாட்டிக்கொள்வதும் அப்போதுதான் என்பார். ஜெர்மனியின் ஜெனா நகரத்தில் லென்ஸ், நுண்ணோக்கி செய்யும் சைஸ் தொழிற்சாலையை நடத்திய எர்ன்ஸ்ட் அபே, 1900இல் 9 மணி நேர வேலையை 8 ஆகக் குறைத்தார். உற்பத்தி குறையவில்லை, கொஞ்சம் கூடவே செய்தது. அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையில் ஆட்கள் நிலைக்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். 1914இல் வேலையை 8 மணி நேரமாக்கி, நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்த பிறகுதான் தங்கினார்கள். உங்கள் பேரரசு ஆளை மாற்றிக்கொண்டே இருக்கிறதே, புதிதாக வருபவனுக்கு யார் வேலை கற்றுத்தருகிறார்கள்? அவன் கை பழகும்வரை எத்தனை பாகம் வீணாகும்?

சரி, அமெரிக்காவும் ஜெர்மனியும் இருக்கட்டும். 1936 ஜூலை 30 அன்று நம் ஊர் சவானா மில் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். 8 மணி நேர வேலை அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. அடுத்த ஆண்டே பிரெஞ்சிந்தியாவில் அது சட்டமானது. கடல் தாண்டி ஒரு தலைநகரம், அங்கிருந்து வரும் ஆணை, இங்கே ஆலை வாசலில் நின்று கேட்டவர்கள். உங்கள் கதைக்கு வேண்டியதெல்லாம் இந்த ஊரிலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் தளத்துத் தொழிலாளிகள் அழுகிறார்கள், சாகிறார்கள். ஒருவர்கூட எதையும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

அடுத்த பகுதியில் தளபதியின் மேசைக்குக் கழிவான பாகங்களின் கணக்கு வரட்டும். விபத்துக் கணக்கும் வரட்டும். அப்புறம், பற்றவைக்கும் பிரிவில் இருக்கும் அந்த அக்காவுக்கு ஒரு பெயர் வையுங்கள். வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி முதலில் வாய் திறப்பவர் அவராக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்