விலைக்கு ஏற்ற சொத்து வரி எந்த ஊரில்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வீடு வாங்குவோருக்கு ஆலோசனை சொல்லும் கட்டுரை ஒன்று வந்திருந்தது. அதில், 'வீடு கைமாறும்போது வாங்கிய விலைக்கு ஏற்பச் சொத்து வரியும் மாறிவிடும்' என்கிறார் கட்டுரையாளர். அவர் கலிஃபோர்னியாவில் வீடு வாங்கியிருப்பார் போலிருக்கிறது. அங்கே 1978 முதல் அப்படித்தான். விற்ற விலையை வைத்துப் புது மதிப்புப் போடுவார்கள், அடிப்படை வரி அதில் 1 விழுக்காடு. அடுத்து விற்கும் வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அப்படி இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததா? நாம் என்ன விலை கொடுத்தோம் என்று நகராட்சி கேட்பதே இல்லை. தெரு எந்த மண்டலம், எத்தனை சதுர அடி, குடியிருப்பா கடையா, கட்டடத்துக்கு என்ன வயது, அவ்வளவுதான் கணக்கு. விலை கணக்கில் வருவது சார்பதிவாளர் அலுவலகத்தில்தான். அங்கே முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. நான் 2019-இல் பதிந்தபோது கட்டணமே 4. அது 2023-இல் 2 ஆனதை முதல் பக்கத்தில் போட்டீர்கள். அதே ஆண்டு வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் குறைந்தபட்ச நில விலை, ஏறியதை உள்பக்கத்தில் தேடித்தான் படித்தேன்.

பத்திரம் முடிந்தது, பட்டாவும் என் பெயருக்கு வந்தது. ஆனால் வரிச் சீட்டு மட்டும் விற்றவரின் காலமான தகப்பனார் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன், அந்த அலுவலகத்தில் எனக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. பெயர் மாற்றத்துக்குப் பத்திர நகல், வில்லங்கச் சான்று எல்லாம் வைத்து மனு கொடுத்தேன். 'பழைய பாக்கியைக் கட்டிட்டு வாங்க சார்' என்றார்கள். நான் குடியிருக்காத வருடங்களின் வரி! வரி பாக்கி வீட்டின் மேல் நிற்குமாம், ஆளின் மேல் அல்ல. சட்டம் அதுதான், சரி, கட்டினேன்.

அப்புறம் டேப்போடு அளக்க வந்தார்கள். ஏட்டில் இருந்தது 600 சதுர அடிக்குள் ஒரு தரைத்தளம். விற்றவர் கட்டிய மாடி ஏட்டிலேயே ஏறவில்லை. வந்தவர் படியேறி, துணி காயும் கொடியை ஒதுக்கிவிட்டு, மொட்டை மாடிச் சுவர் வரை அளந்தார். வரி ஏறியது. 2022-இல் மாநிலம் முழுக்க உயர்த்தியபோது நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 விழுக்காடு, அதற்கு மேல் 1200 வரை 50. மாடியோடு 600-ஐத் தாண்டியதால் எனக்கு 50. என் வரி மாறியது மாடியால், விலையால் அல்ல. எதிர்வீட்டிலும் மாடி உண்டு. அவர்கள் பெயர் மாற்றவே போகவில்லை, யாரும் அளக்கவும் வரவில்லை. நேர்மையாகப் போனவனுக்குத்தான் டேப்.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். இன்னமும் எங்கள் மாவட்டத்து ராயக்கோட்டை தக்காளி விலை தங்கள் நாளிதழில் 'தருமபுரி செய்திகள்' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. இதுபற்றி முன்பே எழுதினேன், பிரசுரமாகவில்லை. ராசிபலனுக்கு அரைப் பக்கம் போகும்போது வாசகர் கடிதத்துக்கு இடம் எங்கே இருக்கும்?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வாங்கிய விலைக்கும் சொத்து வரிக்கும் இங்கே தொடர்பில்லை என்று ஒரு திருத்தம் போடுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் கடைசி அரையாண்டு வரி ரசீதைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள சதுர அடியைக் கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றும் ஒரு வரி சேர்த்தால் நல்லது. கண்ணாடி போட்டவர்களும் படிக்கிற எழுத்தளவில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.