பழைய பூட்டுகளுக்கு ஓர் அறை: நன்கொடை வேண்டுகோள்

அன்பான ஊரவர்களுக்கும் புலம்பெயர்ந்து வாழும் எங்கள் உறவுகளுக்கும் வணக்கம்.

மாங்குளம், மல்லாவிப் பக்கத்துக் கிராமங்களில் சேர்த்த பழைய பூட்டுகளும் திறப்புகளும் பெட்டகங்களும் எங்கள் வாசிகசாலையின் பின்னறையில் கிடக்கின்றன. அறையின் கூரை ஒழுகுகிறது. மாரி தொடங்குமுன் கூரையை மாற்றி, கண்ணாடி அலுமாரிகள் செய்து, பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்த்துப் படிக்கும் காட்சியறையாக அதை ஆக்க நினைக்கிறோம். எட்டு இலட்சம் ரூபா வேண்டும். ஊருக்குள் இரண்டு இலட்சம் சேர்ந்துவிட்டது. மீதிக்குத்தான் உங்களிடம் கை நீட்டுகிறோம்.

ஊரில் எத்தனையோ தேவை இருக்க, பூட்டுக்கு ஏன் காசு என்று கூட்டத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. பழைய இரும்பு எடுக்கும் லொறி வன்னி ஒழுங்கைகளில் வந்து போய்க்கொண்டே இருக்கிறது. உடைந்த உழவு இயந்திரத் துண்டும், கொல்லர் கையால் அடித்த ஆமைப்பூட்டும் ஒரே தராசில் ஏறுகின்றன. போனால் போனதுதான், பிறகு எந்தக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

எங்களிடம் உள்ள ஓர் ஆமைப்பூட்டைப் பாருங்கள். உள்ளங்கை அகலம், நல்ல பாரம். அதன் திறப்பு திருகாணி மாதிரி புரியோடு இருக்கும். துளைக்குள் விட்டுச் சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டும். ஏற ஏற உள்ளே வில் பிடித்து வைத்திருக்கும் தண்டு பின்னுக்கு இழுபட்டு, வளையம் கழன்று வரும். அந்தப் புரியை அரத்தால் அராவி எடுத்திருக்கிறார் யாரோ ஒரு கொல்லர். பேர் தெரியாது. அவருடைய கைவேலைக்கு மிஞ்சிய சாட்சி இது ஒன்றுதான்.

அப்புறம், பூட்டே இல்லாத திறப்புகள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை மடியில் செருகிக்கொண்டு போன கோர்வை ஒன்றை ஓர் அம்மா கொண்டுவந்து தந்தார். முன்கதவு, அலுமாரி, நெல்லறை, முதிரைப் பெட்டகம் என்று ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் காட்டினார். திரும்பி வந்தபோது கதவும் இல்லை, கதவு நிலையும் இல்லை. அந்தக் கோர்வையை ஈரச்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

அறையின் பெரிய பொருள், கூட்டுறவுச் சங்கக் கடையில் இருந்த இரும்புப் பெட்டகம். நாலு பேர் சேர்ந்தாலும் அசையாது. அந்தப் பாரம் முழுக்க இரும்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தக் காலத்துத் தீக்காப்புப் பெட்டகங்களில் இரண்டு தகடுகளுக்கு நடுவே படிகாரமும் மரத்தூளும் போல ஏதாவது அடைத்திருப்பார்கள். தீப்பிடித்தால் படிகாரத்துக்குள் கட்டுண்ட நீர் ஆவியாகி வெளியேறும். அது வெளியேறும் மட்டும் உள்ளே சூடு ஏறாது, கணக்குப் புத்தகம் கருகாது. லிவர்பூலில் தோமஸ் மில்னர் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இந்த வித்தையால்தான் பேர் எடுத்தார்கள்.

பூட்டுச் செய்தவர்களின் கதையையும் சுவரில் எழுதி வைக்கப் போகிறோம். 1817இல் இங்கிலாந்தின் போட்ஸ்மத் கப்பல் தளத்தில் கள்ளத் திறப்புப் போட்டுக் களவு நடந்தது. தனக்குரிய திறப்பைத் தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டுக்கு அரசு 100 பவுண் பரிசு அறிவித்தது. அடுத்த ஆண்டே ஜெரமையா சப் ஒரு பூட்டோடு வந்தார். பிழையான திறப்பை விட்டால் உள்ளே லீவர் எனப்படும் நெம்புத் தகடு ஒன்று அளவுக்கு மிஞ்சி உயர்ந்து இறுகிவிடும். பிறகு உடையவர் வந்து திறக்கும்போது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பூட்டே காட்டிக்கொடுக்கும். முப்பது வருடத்துக்கு மேல் அதற்குப் பெருமை இருந்தது. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹொப்ஸ் அதை அரை மணித்தியாலத்துக்குள் திறந்து காட்டினார். ஜோசப் பிரமா என்ற இங்கிலாந்துக்காரர் செய்த இன்னொரு பூட்டு அவரை இலேசில் விடவில்லை. 16 நாட்களில் பரந்து 51 மணித்தியாலம் மினக்கெட வைத்தது.

நமக்குக் கிட்டிய கதை அர்தேஷிர் கோத்ரெஜ் உடையது. வழக்கறிஞர் தொழிலை விட்டவர், 1897இல் பம்பாயில் பூட்டுச் செய்யத் தொடங்கி, சில வருடங்களில் இரும்புப் பெட்டகத்துக்கும் வந்தார். 1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து அக்கம்பக்கம் எரிந்தபோது, அவருடைய பெட்டகங்களுக்குள் இருந்தவை தப்பியது இன்றும் பேசப்படுகிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பேருக்கான சட்டக் காப்பு, கிடைத்தது. எங்கள் ஊர்ப் பூட்டுக்கு ஒரு படம்கூட எங்கும் இல்லை என்பது எங்களுக்குப் பெரிய குறை.

காசின் பெரும்பகுதி கூரைக்கும் அலுமாரிக்கும் போகும். மிச்சத்தில் வெட்டித் திறந்த மாதிரிப் பூட்டுகள் செய்விப்போம். பழைய எகிப்தில் புழங்கிய மரப்பூட்டை முதிரையில் கடைந்து தர எங்கள் ஊர்த் தச்சர் ஒப்புக்கொண்டிருக்கிறார். திறப்பைத் தூக்கினால் மர முளைகள் எழும்பித் தாழை விடும். பக்கத்திலேயே, 1860களில் அமெரிக்கர் லைனஸ் யேல் அதே முளை யோசனையைச் சின்னப் பித்தளை உருளைக்குள் அடக்கிய விதத்தையும் காட்டுவோம். இன்று எங்கள் முன்கதவுகளில் இருப்பதும் அந்த வகைதான் என்று ஒரு பிள்ளை தன் கையால் திருப்பிக் கண்டுபிடித்தால் எங்களுக்கு அது போதும்.

சின்னத் தொகை, பெரிய தொகை என்ற பேதம் இல்லை. ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவு மாதாமாதம் வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்படும். காசு தர வசதி இல்லாதவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பூட்டையோ திறப்பையோ, அது எந்த வீட்டுக்குரியது என்ற இரண்டு வரியோடு தாருங்கள். துருவைத் தேய்க்காமல் அப்படியே தாருங்கள். தேய்த்தால் செய்தவர் வெட்டிய அடையாளமும் அழிந்துவிடும். படம் எடுத்து அனுப்புகிறவர்களிடம் இன்னொரு வேண்டுகோள்: இப்போது பாவிக்கும் கதவின் திறப்பைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், எங்களுக்கும் வேண்டாம். படத்தில் தெரியும் வெட்டுகளை வைத்தே நகல் திறப்பு செய்துவிடலாம்.

இப்படிக்கு,
காட்சியறைக் குழுவினர்