திரையில் ஒரு வெண்பா

கும்பகோணம்

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மாடி ஏறத் தொடங்கியிருப்பது அறிந்து மகிழ்ந்தேன். எனக்குக் கண்புரை அறுவை முடிந்து இரண்டு மாதமாகிறது. பார்வை தெளிந்துவிட்டது என்றாலும் பொடி எழுத்தோடு இன்னும் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மகள் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அப்படித் திரையில் படிப்பவர்களை நான் எவ்வளவு கேலி செய்தவன் என்பது உனக்குத் தெரியும் என்பதால், முதலில் உன்னிடமே ஒப்புக்கொள்கிறேன்: உரைநடை படிக்க அது நன்றாகவே இருக்கிறது. கைப்பேசியைப் போல் கண்ணில் வெளிச்சம் அடிப்பதில்லை. மின்னேற்றம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாக நிற்கின்றன. நின்ற எழுத்தைத் தாங்க மின்சாரம் தேவையில்லையாதலால் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் வருகிறது.

சிக்கல் செய்யுளில்தான். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தந்துவரும் மதுரைத் திட்டத்திலிருந்து நளவெண்பாவை இறக்கி, எழுத்தைப் பெரிதாக்கினேன். நான்கு சீர் நிற்க வேண்டிய அடி மூன்றோடு முடிந்து, நான்காம் சீர் அடுத்த வரியில் அநாதையாக விழுந்தது. இரண்டாம் அடியின் கடைசியில் கோடிட்டுத் தனித்து நிற்கும் சீரான தனிச்சொல்லும் அவ்வாறே ஒதுங்கியதால், எது தனிச்சொல், எது தவறி விழுந்த சீர் என்று பிரித்தறிய விரல் விட்டு எண்ண வேண்டியதாயிற்று. ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்ணில் படும் எதுகை காணாமலே போயிற்று. ஓலைச்சுவடியிலும் அடி பிரிக்காமல், பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இல்லாமல்தான் எழுதினார்கள். உ.வே.சாமிநாதையரைப் போன்ற பதிப்பாசிரியர்கள் அரும்பாடுபட்டுத் தாளில் அடி அடியாக நிறுத்திக் கொடுத்த செய்யுள், என் கண்ணுக்காக மறுபடி ஓலைக்கே திரும்பிவிட்டதைப் போல் இருந்தது. கருவியைக் குறுக்காகப் பிடித்தால் ஓரளவு சரியாகும் என்று பேரன் காட்டினான். ஆகிறதுதான், ஆனால் ஒரு பக்கத்தில் ஒரு பாட்டுக்கு மேல் கொள்ளவில்லை.

இன்னொன்றும் உண்டு. இதில் விலைக்கு வாங்குவது பெரும்பாலும் படிக்கும் உரிமம் மட்டுமே. 2009-இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, பதிப்பித்தவருக்கு உரிமை இல்லை என்பதற்காக, அமேசான் நிறுவனம் வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த வித்தை எனக்குத் தெரிந்திருந்தால், 1979-இல் கல்லூரி விடுதியில் நீ இரண்டு நாளுக்கென்று வாங்கிப்போன என் நளவெண்பா எப்போதோ திரும்பி வந்திருக்கும்.

சுயம்வர காண்டத்தில் நான் பென்சிலால் சீர் பிரித்துக் கோடிட்ட பக்கங்கள் அதில் இருக்கின்றன. எழுத்துச் சிறியதானாலும் பரவாயில்லை, பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். தயவுசெய்து அதைப் பதிவுத் தபாலில் அனுப்பிவை. அஞ்சல் செலவை நான் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்