படகு ஏறுகிறவர்கள் பந்தயம் கட்டக் கூடாது: எங்கள் ஊர் விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுப் பெரியவர்களுக்கும் ஊர்த் தலைவருக்கும் வணக்கம்.

ஆடித் திருவிழா பாய்மரப் படகுப் போட்டியன்று நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் கரையில்தான் நின்றீர்கள். "ஓட்டுற பையன்கள் அவங்க படகு மேல மட்டும் கட்டிக்கட்டும், அடுத்த படகு மேல கட்டக் கூடாது" என்று ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்ததும் நீங்கள்தான். பெண்கள் சிலர் வேண்டாம் என்றபோது, "தன் படகு ஜெயிக்கும்னு கட்டினவன் தோக்கப் பார்ப்பானா?" என்று திருப்பிக் கேட்டீர்கள். அன்றைக்குப் பதில் சொல்ல எங்களை விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் அண்ணன் மகன் விசைப்படகில் பங்குக்குப் போகிறவன். போட்டிப் படகில் பாய்க்கயிறு அவன் பொறுப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கு வீட்டுக்கு வந்த நிவாரணம் 8,000 ரூபாய். மளிகைக் கடைப் பாக்கிக்காக அண்ணி அதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார். அதை எடுத்துத்தான் கட்டினான். போட்டிக்கு முந்தின நாள் படகைத் தண்ணீரில் தள்ளும்போது சறுக்கி விழுந்து வலது தோள் வீங்கிவிட்டது. காலையில் பனியனுக்குள் கையை நுழைக்க முடியவில்லை, நான்தான் பிடித்து மாட்டிவிட்டேன். வேறு ஆளை ஏற்றச் சொல்லி அண்ணி கெஞ்சினார். "பணம் கட்டியாச்சு அத்தை. புது ஆளை வச்சு ஓட்டினா ஜெயிக்க முடியாது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய் ஏறினான்.

எல்லை மிதவையைச் சுற்றித் திரும்பும்போது காற்று ஏறியது. மற்றவர்கள் பாயைத் தளர்த்தினார்கள். இவர்கள் தளர்த்தவில்லை, கட்டின பணம் விடவில்லை. கயிறு இழுத்த இழுப்பில் அவன் தோள் மூட்டு கழன்றது. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு கரை வரை வந்தான். படகு கவிழ்ந்திருந்தால் அந்தக் கயிறே அவனைத் தண்ணீருக்குள் இழுத்திருக்கும். கடலில் வளர்ந்த உங்களுக்கு இது தெரியாதா? மூன்றாவதாக வந்தார்கள், பணம் போனது. இப்போது வலை இழுக்க முடியாது, பங்கும் கிடையாது. கடைப் பாக்கி அப்படியே நிற்கிறது. அண்ணி நண்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். மேடையில் அவனுக்குத் துண்டு போர்த்தி வீரன் என்றீர்கள். அதற்கு நன்றி. ஆனால் காயத்தோடு அவனைப் படகில் ஏற்றியது வீரம் இல்லை, அந்த 8,000 ரூபாய்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தான் ஜெயிப்பேன் என்று கட்டுகிறவனால் என்ன கெடுதல்? அமெரிக்காவில் பீட் ரோஸ் என்ற பெரிய பேஸ்பால் வீரர், சின்சினாட்டி அணிக்குப் பயிற்சி கொடுத்தபோது அதே அணி ஜெயிக்கும் என்றுதான் கட்டினார். அப்படியும் 1989இல் அவரை ஆயுளுக்கும் ஒதுக்கி வைத்தார்கள். அவர் பணம் கட்டுவதைப் பார்த்து வந்தவர்களுக்கு, கட்டாத நாளே ஒரு தகவல் ஆகிவிடும். நம் கரையிலும் அப்படித்தான். ஒரு படகுக்காரர்கள் அடுத்த வருஷம் தங்கள் படகு மேல் கட்டவில்லை என்றால் என்ன பேச்சு வரும்? பாய் கிழிந்திருக்கிறது, சுக்கான்காரருக்குக் காய்ச்சல், இல்லாவிட்டால் யாரோ விலை பேசிவிட்டார்கள் என்பார்கள். 1981இல் இங்கிலாந்தின் லீட்ஸில் நடந்த கிரிக்கெட் டெஸ்டில் லில்லி, மார்ஷ் என்ற இரண்டு வீரர்கள் தங்கள் ஆஸ்திரேலிய அணி தோற்கும் என்று, ஒன்று கட்டினால் 500 கிடைக்கும் என்ற கணக்கில் விளையாட்டாகக் கட்டினார்கள். அணி 18 ரன்னில் தோற்றது. அவர்கள் ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாக யாரும் நிரூபிக்கவில்லை, ஆனால் அந்தப் பேச்சு இன்று வரை ஓயவில்லை. அது ஆயிரக்கணக்கானோர் பார்த்த கிரிக்கெட். நடுக்கடலில் ஒருவன் கயிற்றை ஒரு சாண் விட்டுக் கொடுத்தால், சுக்கானை ஒரு நொடி தாமதமாகத் திருப்பினால், கரையில் நிற்கும் நடுவர் எதைப் பார்க்க முடியும்? காற்று மாறிவிட்டது என்று சொன்னால் முடிந்தது. தோற்ற பணத்துக்குக் கடன் வாங்கினவனிடம் கடன் கொடுத்தவன் அடுத்த போட்டியில் என்ன கேட்பான் என்பதையும் யோசியுங்கள்.

அதனால்தான் கேட்கிறேன்: படகு ஏறுகிறவர்கள் பந்தயம் கட்டக் கூடாது. தன் படகு மேலும் கூடாது. படகு உரிமையாளருக்கும் இதே விதி வேண்டும்.

கரையில் நிற்கிறவர்கள் டீக்கும் பரோட்டாவுக்கும் பந்தயம் பேசுவதை நான் சொல்லவில்லை. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களால் போனிலேயே எத்தனை வீடுகள் அழிந்தன! 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு அவற்றைத் தடை செய்தது. அதே சூதை நாம் அம்மன் கோயில் திருவிழாவில் மைக் வைத்துக் கூப்பிட்டு நடத்துகிறோம். சீரியல் லைட்டுக்கும் ஃபிளெக்ஸுக்கும் வசூல் பணம் போதுகிறது. படகு ஏறுகிற பையன்களுக்கு உயிர்காப்பு மிதவைச் சட்டை வாங்க மட்டும் எந்த வருஷமும் போதவில்லை. பிள்ளைகளுக்குக் காசு கிடைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால், எல்லை சுற்றி வரும் ஒவ்வொரு படகுக்கும் ஒரு தொகை கொடுங்கள். முதல் பரிசைக் குறைத்தாவது கொடுங்கள்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷ நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் ஒரு கூட்டம் போடுங்கள். அதில் பெண்களையும் பேச விடுங்கள். படகு ஏறுகிறவர் யாரும் தன் படகு மேலோ பிறர் படகு மேலோ பணம் கட்டக் கூடாது, கட்டினால் அந்தப் படகுக்குப் பரிசு இல்லை என்று நோட்டீஸில் முதல் விதியாகப் போடும்படி உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படகு ஏறின ஒரு பையனின் அத்தை